பெர்த்துக்குப் போன புதன்கிழமை

விமானம் ரத்து என்று தகவல் வந்தபோது
பெட்டியின் மேல் உட்கார்ந்து
ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள் புஷ்பலதா.
பணம் திரும்ப முப்பது வேலை நாள் ஆகுமாம்.
விடுப்பு திரும்பாது.
செம்பனை ஆலை எடைமேடையில்
என் நாற்காலிக்கு வேறு கிராணி வந்தாயிற்று
நான்கு நாளைக்கு.

தாமானில் சொல்லாத ஆள் இல்லை.
மளிகைக்கடை ரத்தினசபாபதி
பேரனுக்குக் கங்காரு பொம்மை கேட்டு
பத்து வெள்ளி முன்பணமும் தந்திருந்தார்.

"கிளம்புங்க" என்றாள்.
எங்கே என்றேன்.
கையில் அச்செடுத்த நிகழ்ச்சிநிரல் வைத்திருந்தாள்.
காலையில் துறைமுகம், மதியம் மீன், மாலையில் கரை.
இடைப்பட்ட நேரத்துக்கெல்லாம்
அவள் கையெழுத்தில் ஒரே சொல்:
மெதுவாக.

ஊத்தான் மெலிந்தாங்கில் இருபத்திரண்டு வருஷம்.
மோட்டார் சைக்கிள் இல்லாமல்
கடைத்தெருவைக் கடந்ததில்லை நான்.
சவப்பெட்டிக் கடைக்கு மேலே ஒரு மாடி இருக்கிறது.
மாடி நெற்றியில் சிமெண்டில் 1938.
எட்டின் கீழ் வளையத்துக்குள்
சிட்டுக்குருவி குடித்தனம்.
இதைப் பார்க்க
கால் மணி நேரம் நின்றோம்.
கடைக்காரர் வெளியே வந்து
எங்கள் வீட்டில் யாருக்கு என்ன என்று
கவலையோடு விசாரித்தார்.

குலை ஏற்றிய லோரி ஒன்று போனது.
என் வாய் தானாக
"ஏழு டன் நானூறு" என்றது.
கையைக் கிள்ளினாள்:
"இன்னிக்கு நீங்க வெளியூர்க்காரர்."

துறைமுகம் என்றால் பெர்னாம் ஆற்று ஜெட்டி.
தண்ணீர் தே தாரேக் நிறம்.
படங்களில் அவள் பார்த்துவைத்த நீலம்
ஒரு படகின் வயிற்றில் மட்டும்
உரிந்துகொண்டிருந்தது.
மீன்குடலுக்குச் செம்பருந்துகள் இறங்கின.
நாங்கள் பயணிகள்போல
ஒவ்வொன்றுக்கும் "அதோ, அதோ" என்றோம்.

பக்கத்தில் ஐஸ் ஆலை.
புஷ்பலதா நின்றாள்.
பைக்குள்ளிருந்து குளிர்கோட்டை எடுத்தாள்.
பண்டல் கடையில் முப்பத்தைந்து வெள்ளி.
எங்களுக்கு முன்பே விமானம் ஏறி
எங்கிருந்தோ வந்த கோட்டு,
பாக்கெட்டில் படிக்கத் தெரியாத எழுத்தில்
ஒரு ரசீதோடு.

"உள்ளே பார்க்கணும்" என்று
முதலாளி ஆ ஹெங்கிடம் கேட்டாள்.
"ஐஸையா? ஐஸைப் பார்க்கவா?"
சிரித்துச் சிரித்து இருமிவிட்டு
கனத்த கதவைத் தோளால் தள்ளித் திறந்தார்.

கட்டிகள் சுவர்போல அடுக்கியிருந்தன.
கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு
நடுவில் போய் நின்றாள்.
வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.
நாற்பத்தாறு வயதில்
தன் மூச்சைத் தானே பார்த்தாள்.
இன்னொரு தடவை ஊதினாள்.
பிறகு என் பக்கமாக.
படமெடுக்கக் கைப்பேசியைத் தூக்கினேன்.
கண்ணாடி முழுக்கப் பனி.
துடைக்கத் துடைக்கப் பனி.
எடுத்த மூன்றிலும்
நீலக் கறை ஒன்றுதான் இருக்கிறது.
அழிக்க விடமாட்டேன் என்கிறாள்.

மதியம் மீன். உருளைக்கிழங்கு தீர்ந்துபோய்
மரவள்ளி வறுவல் வைத்துக் கொடுத்தார்கள்.

மாலை, அணைமேட்டில் உட்கார்ந்தோம்.
சேற்றுமீன்கள் வேலையில்லாமல் தாவிக்கொண்டிருந்தன,
எங்களைப்போல.
"பெர்த் எந்தப் பக்கம்?"
தெற்கே கை நீட்டினேன்.
அங்கே ஆலைப் புகைபோக்கி.
சங்கு ஊதியது.
பழக்கத்தில் எழுந்தவன்
மறுபடி உட்கார்ந்தேன்.

திரும்பும் வழியில்
ரத்தினசபாபதி கடைக்கதவை இறக்கிக்கொண்டிருந்தார்.
"என்னப்பா, இன்னும் போகலியா?"
"போயிட்டு வந்துட்டோம்" என்றாள்,
கையில் மடித்த கோட்டோடு, மீன்வாடையோடு.
"குளிரா?"
"பல்லு ஆடிப்போச்சு."

பத்து வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன்.
வாங்க மறுத்துவிட்டார்.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது.
நாளைய நிரலில் கலங்கரை விளக்கம்.
எங்கள் ஊரில் உயரமென்று சொல்ல
தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் உண்டு.
ஏணிக்கதவின் சாவி யாரிடம் என்று
காலையில் விசாரிக்கவேண்டும்.